சும்மா ஒரு கேக்தானே?

"சும்மா ஒரு கேக்தானே, செய்து தாவன்."

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டில் கேக் செய்யும் ஒரு பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்த வசனத்தையும் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் கெட்டவர் இல்லை. மச்சாளாக இருக்கும், பள்ளிக்கூடத் தோழியாக இருக்கும், மேல்மாடி அன்ரியாக இருக்கும். உரிமையோடு, அன்போடுதான் கேட்கிறார். பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

சாப்பாடு ஆக்களைச் சேர்த்து வைக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். நாங்களும் அதை நம்புகிறோம். ஆனால் சேர்த்து வைப்பது என்பது ஒரு வேலை. யாரோ ஒருவர் குசினியில் நின்று, கை உளைய, முகம் வியர்க்க அந்த வேலையைச் செய்கிறார். அவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காமல் உணவையும் உறவையும் பற்றி உருகிக்கொண்டிருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே இந்த முறை கேக்கைப் பற்றியும், அதைச் செய்யும் கையைப் பற்றியும் கொஞ்சம் கதைப்போம்.

போறணையிலிருந்து ஓவனுக்கு

"கேக் எங்கட சாப்பாடே இல்லை, அது வெள்ளைக்காரன்ர" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குசினியில் நின்று, தேத்தண்ணியைப் பீரிசில் ஆற்றிக்கொண்டே அதைச் சொல்வார்கள். குசினி, பீரிஸ், பாண், போறணை எல்லாமே போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்து எங்கள் வாயில் ஊறிப்போன சொற்கள். பாணை இன்றைக்கும் 'றாத்தல்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம், அது 450 கிராம் என்று எழுதியிருந்தாலும். இந்தத் தீவில் எது யாருடைய சாப்பாடு என்று கோடு கீறப் போனால் கீறி முடியாது.

லவ் கேக்கை எடுத்துப் பாருங்கள். கோதுமை மாவுக்குப் பதில் ரவை. அதோடு நிறைய முட்டை மஞ்சள் கரு, கஜு, தேன், பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய், நீத்துப்பூசணித் தோசி. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பழக்கம் இங்கத்தைய வாசனைத் திரவியங்களைச் சந்தித்த இடம் அது. பறங்கியர் வீடுகளில் பேர் பெற்ற இந்தக் கேக், கத்தோலிக்கத் தமிழ் வீடுகளுக்கும் சிங்கள வீடுகளுக்கும் சொந்தமானது. இப்படியான செய்முறைகள் வாய்வழியாக மட்டும் வரவில்லை. ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் வெளியான 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்' போன்ற புத்தகங்களும் அவற்றைக் கைமாற்றிக் கொண்டுவந்தன.

இங்கே நாங்கள் கவனிக்க விரும்புவது இன்னொன்றை. பெரிய கேக்குகளைத் தனியாக ஒரு ஆள் செய்கிற வழக்கம் முன்பு இருக்கவில்லை. நத்தாருக்கு ரிச் கேக் போடுவது என்றால் வாரக்கணக்கில் வேலை. பிளம்ஸ், சுல்தானா, செரி, இஞ்சித் தோசி, சௌசௌ எல்லாவற்றையும் பொடியாக வெட்ட வேண்டும். வெட்டியதைப் பிராந்தியில் ஊற வைக்க வேண்டும். கஜு உடைக்க ஒருவர், முட்டை அடிக்க ஒருவர், பெரிய சட்டியில் கலவையைக் கிளற கைப்பலம் உள்ள இன்னொருவர். ஓவன் இல்லாத வீடுகளில் கலவையைத் தட்டில் ஊற்றி, பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோய், பாண் வெந்து முடிந்த போறணைச் சூட்டில் வேக வைத்து எடுத்து வருவார்கள்.

யாழ்ப்பாணப் பக்கத்தில் கேக்குக்குப் பதில் பலகாரம். கலியாணத்துக்கு முன் 'பலகாரச் சூடு' என்று ஒரு நாளே இருக்கிறது. அயலட்டைப் பெண்கள் எல்லோரும் வந்து சேர்ந்து பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு என்று சுட்டுக் குவிப்பார்கள். ஊர்க்கதை, பகிடி, கோபம், சமாதானம் எல்லாம் அந்தத் தாச்சிக்குப் பக்கத்தில்தான் நடக்கும். உறவு அந்தச் சூட்டிலேயே உண்டாகிவிடும். சாப்பிடுவது பிறகுதான்.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு மின்சாரச் சாமான்கள் தாராளமாக வந்தன. மெதுமெதுவாக ஓவனும் பீற்றரும் வீட்டுக்குள் வந்தன. வெள்ளவத்தையில் தனி வீடுகள் தொடர்மாடிகளாக மாறின. குசினி சுருங்கியது, கதவு மூடியது. பத்துப் பேர் செய்த வேலையை ஒரு பெண் ஓவனோடு தனியாகச் செய்யலாம் என்றானது. 'எவ்வளவு வசதி' என்று சொன்னோம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் போறணைக்கு முன்னால் நின்று பாண் போட்டவர் பெரும்பாலும் ஆண். அதற்குச் சம்பளம் இருந்தது, தொழில் என்று ஒரு பேர் இருந்தது. அதே மா, அதே சூடு, வீட்டுக்குள் வந்து பெண்ணின் கைக்கு மாறியதும் அதன் பேர் 'பாசம்' ஆகிவிட்டது.

தட்டு வெறுமையாகத் திரும்பாது

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரே ஒழுங்கையில் கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருப்பார்கள். நத்தாருக்கு ஒரு வீட்டிலிருந்து கேக் போகும். தீபாவளிக்கு இன்னொரு வீட்டிலிருந்து முறுக்கும் அரியதரமும். பெருநாளுக்கு வட்டலப்பம். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிசும் பலகாரமும். தட்டை ஒரு லேஞ்சியாலோ துவாயாலோ மூடி, சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளை படியேறுவதற்குள் ஒரு முறுக்குக் குறைந்திருக்கும்.

இந்த வழக்கத்தில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மௌஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் மூன்று கடமைகளைச் சொல்கிறார்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது. எங்கட அம்மம்மாக்கள் மௌஸை வாசிக்கவில்லை. அந்த ஒரு பிடி சீனியில் அவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

சீனியின் விலை கேக்கின் விலைக்கு ஈடாகாது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆனாலும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. 'நீ செய்ததை நான் கண்டேன், அடுத்த முறை என்னுடையது' என்று அது சொல்கிறது. கொடை நிற்பது இந்தக் கணக்கில்தான். அன்பு இருக்கும் இடத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்து ஒழுங்கையில் கணக்கு இருந்தது. இந்த வருடம் யார் வீட்டுத் தட்டு வரவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாப்பாடு தானாக யாரையும் சேர்க்காது

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. தட்டுகள் போய்வந்த கதை மட்டும் இந்த நகரத்தின் கதை இல்லை.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு கதை பரப்பப்பட்டது. உணவகம் அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அங்கே மாத்திரை எதுவும் இல்லை, மாக்கட்டிதான் இருந்தது. கேக் கலவையில் நாங்கள் கரண்டியால் நசுக்கிக் கரைக்கிற அதே மாக்கட்டி. அடுத்த வருடம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பின்னான மாதங்களில் பக்கத்து வீட்டுக்குத் தட்டை அனுப்பலாமா, வந்ததைச் சாப்பிடலாமா என்று யோசித்த ஆக்கள் எங்களுக்குத் தெரிந்தவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். யோசிக்காமல் அனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்த இரண்டாவது வகை ஆக்களால்தான் சில படிக்கட்டுகளில் இன்னும் தட்டு ஏறி இறங்குகிறது.

குசினியே இல்லாமல் இந்த நகரத்தில் வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த எத்தனையோ பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில், கடைச் சாப்பாட்டில், விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காத்திருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்த 376 தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அப்படி ஒரு நகரத்தில் சொந்தக் குசினி, அதில் ஒரு அடுப்பு, அதில் வேகிற ஒரு கேக் என்பது சின்ன விசயம் இல்லை. 'நான் இங்கேதான் இருக்கப் போறன்' என்று ஒருவர் சொல்வதற்குச் சமம். வந்தவர்களை முதன்முதலாக ஏற்றுக்கொண்டதும் பல இடங்களில் பக்கத்து வீட்டுக் குசினிதான்.

ஆகவே சேர்ப்பது சாப்பாடு இல்லை, அதைச் செய்து அனுப்பத் தீர்மானிக்கிற ஆள். அந்தத் தீர்மானத்துக்குத் தைரியமும் உழைப்பும் தேவைப்படுகிறது.

ஊரடங்கும் கேஸ் வரிசையும்

இப்போது இருக்கிற 'ஹோம் பேக்கர்' அலையை விளங்க 2020க்குப் போக வேண்டும். மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு. கொழும்பில் அது இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஒக்ரோபரில் பேலியகொட மீன்சந்தைத் தொற்றுக்குப் பிறகு கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளுமெண்டல் பக்கமெல்லாம் திரும்பவும் மூடப்பட்டது. எத்தனையோ குடும்பங்களில் வருமானம் நின்றது. அந்தக் காலத்தில் யூடியூப் பார்த்துப் பழகியவர்கள், பாட்டியின் கொப்பியைத் தூசு தட்டி எடுத்தவர்கள், வேலை போனவர்கள், பல்கலைக்கழகம் மூடியதால் வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் பேக் பண்ணத் தொடங்கினார்கள். முதலில் வீட்டுக்கு, பிறகு சிநேகிதிக்கு, பிறகு வட்ஸ்அப் குழுவில் ஒரு படம், அதன்பின் ஓடர்.

நிமிர்வதற்குள் 2022 வந்தது. 2021 ஒக்ரோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கும் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால்தான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. ஓவனுக்குள் கேக் பாதி பொங்கியிருக்கும் நேரத்தில் கறண்ட் போனால் என்ன ஆகும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடு இருந்துவிடும், திரும்ப எழும்பாது. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது போன வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு இந்த வருடம் 195 ரூபா. 2023இல் முட்டை இல்லாமல் இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். அது முதலில் பேக்கரிகளுக்குத்தான் போனது. வீட்டில் கேக் செய்பவர் அந்தக் கணக்கில் பேக்கரி இல்லை.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. பட்டருக்குப் பதில் மாஜரின், முட்டை குறைந்த செய்முறை, சின்ன 'பென்டோ' கேக் என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். கறண்ட் வரும் நேர அட்டவணையைப் பார்த்து விடியப்புறம் எழும்பி பேக் பண்ணினார்கள். பலரின் வீட்டில் அந்த மாதக் கேஸ் காசும் தம்பியின் ரியூஷன் காசும் அதிலிருந்துதான் வந்தது. இதைப் 'பொழுதுபோக்கு' என்று இன்னும் சொல்கிறவர்களிடம் எங்களுக்குக் கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது: பொழுது எங்கே இருந்தது, போக?

ஒரு கிலோ பட்டர் கேக்கின் கணக்கு

சரி, இனி விலைக்கு வருவோம். பழைய பட்டர் கேக் கணக்கு மிக நேர்மையானது. பட்டர், சீனி, மா, முட்டை நான்கும் ஒரே நிறை. ஒரு கிலோ கேக்குக்கு ஒவ்வொன்றும் 250 கிராம் அளவில், முட்டை என்றால் நாலைந்து. விலை அதிகம் என்று சொல்பவர் பெரும்பாலும் இந்த நான்கையும் மட்டும் கூட்டிப் பார்க்கிறார். "சாமான் இவ்வளவுதானே, பிறகேன் இவ்வளவு?"

மிச்சத்தையும் கூட்டுவோம். பட்டர் அறைச் சூட்டுக்கு வர வேண்டும். பட்டரையும் சீனியையும் வெளுத்து மென்மையாகும் வரை அடிக்க வேண்டும். காற்று உள்ளே போவது அப்போதுதான், கேக் மெத்தென்று வருவது அந்தக் காற்றால்தான். அடுத்து 180 பாகை சூட்டில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். முழுதாக ஆறும் முன் ஐசிங் பூச முடியாது, பூசினால் வடியும். கொழும்பின் 30 பாகை வெக்கையில் பட்டர் ஐசிங் இளகிக்கொண்டே இருக்கும், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து வைத்து எடுத்துத்தான் பூச வேண்டும். அதற்குப் பிறகு பெட்டி, போர்டு, ரிப்பன். காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோவது. திரும்பி வந்து எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த சட்டிகளைக் கழுவுவது. ஒரு பிறந்தநாள் கேக் என்றால் ஐந்தாறு மணித்தியாலம் சாதாரணம். "பெயரை மாத்தி எழுத ஏலுமா?" என்று நடுச்சாமத்தில் வரும் மெசேஜுக்குப் பதில் எழுதும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

கறண்ட் பில்லும் இருக்கிறது. 1,500 வாட் ஓவன் ஒரு மணித்தியாலம் முழுக்க எரிந்தால் ஒன்றரை அலகு. எங்கள் மின்கட்டணம் அலகு கூடக் கூட விலையும் கூடுகிற முறை. ஆக, கேக்கின் அலகுகள் முழு வீட்டின் பில்லையும் மேல்படிக்குத் தள்ளிவிடும். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 சதவீதம் ஏறியது. பிறகு குறைந்தது உண்மைதான், ஆனால் வீட்டுப் பில்லுக்குள் ஒளிந்திருக்கிற அந்தக் காசைக் கேக்கின் விலையில் சேர்க்கிறவர் இன்றும் குறைவு.

இதெல்லாம் சேர்த்து அவர் ஒரு விலை சொன்னால், "எங்களுக்கும் அதே விலையா?" என்று கேட்கிறோம். ஹோட்டலில் அதே நிறைக் கேக்குக்கு இரண்டு மடங்கு சொன்னால் கார்டை நீட்டுகிறோம், அங்கே காசாளரிடம் 'நாங்கள் சொந்தம்' என்று சொல்வதில்லை. தெரிந்தவரிடம் மட்டும் விலை குறைக்கக் கேட்பது, தெரிந்தவரின் நேரம்தான் மலிவு என்று சொல்வதாக முடிகிறது. தெரியாதவருக்குக் கொடுக்கும் மரியாதையை விடக் குறைந்த மரியாதையை உறவுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு 'உரிமை' என்று பேர் வைக்கிறோம்.

'எல்லாத்துக்கும் விலை போட்டால் அன்புக்கு என்ன இடம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. கொடையும் விற்பனையும் ஒரே குசினியில் ஒன்றாக இருக்கலாம். காலையில் ஓடருக்கு மூன்று கேக் செய்த பெண், பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சும்மா ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார். அது கொடை, ஏனென்றால் கொடுப்பதை அவர் தீர்மானித்தார். அதையே நாங்கள் கேட்டு வாங்கினால் அது கொடை இல்லை. கொடை என்பது கொடுப்பவரின் வாயிலிருந்து வர வேண்டும், வாங்குபவரின் வாயிலிருந்து அல்ல. விலையைத் தயங்காமல் சொல்ல முடிகிறவருக்குத்தான் மனம் நிறைந்து சும்மா கொடுக்கவும் முடியும்.

கடல் கடந்து வரும் ஓடர்

வெள்ளவத்தையைச் 'சின்ன யாழ்ப்பாணம்' என்பார்கள். இப்போது அது வயதானவர்களின் யாழ்ப்பாணமாகவும் ஆகிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில். தொடர்மாடியின் நாலாம் மாடியில் அம்மாவும் அப்பாவும், சில வீடுகளில் அம்மா மட்டும். அம்மாவின் பிறந்தநாளுக்குப் பிள்ளை அங்கே நடுச்சாமத்தில் விழித்திருந்து இங்கத்தைய ஒரு ஹோம் பேக்கருக்கு மெசேஜ் போடுகிறது: 'கொஞ்சம் இனிப்புக் குறைச்சு, அம்மாவுக்குச் சீனி வருத்தம். பட்டர் கேக்தான் விருப்பம். நீங்களே கொண்டுபோய்க் குடுத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்ப ஏலுமா?'

இந்த வேலைக்கு என்ன பேர் வைப்பது? கேக் செய்தவர் லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் படியேறிப் போகிறார். கதவைத் திறக்கிற அம்மாவுக்கு ஆள் யாரென்று தெரியாது. "மகன் அனுப்பினவர் அன்ரி" என்றதும் முகம் மாறுகிறது. உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி போட்டு, மகன் சின்ன வயதில் செய்த குழப்படி எல்லாம் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம். ஒரு ஆளுக்கு ஒரு கிலோ கேக் எதற்கு? அம்மா அதை வெட்டிப் பக்கத்து மூன்று வீடுகளுக்கும் அனுப்புகிறார். கனடாவில் கொடுத்த காசு வெள்ளவத்தையில் தட்டாக மாறி, மூடிய கதவுகளைத் தட்டுகிறது.

எங்கள் தலைமுறையில் கொடைக்கும் விற்பனைக்கும் இருக்கிற கோடு இப்படி அழிந்து அழிந்துதான் தெரிகிறது. காசு வாங்கியதால் அந்த அரை மணித்தியாலம் பொய்யாகிவிடவில்லை. அந்த அரை மணித்தியாலம் இருந்ததால் காசு வாங்கக் கூடாது என்றும் இல்லை. பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதும் உழைப்புத்தான்.

சரி, என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் எங்களிடம் இல்லை. நாங்கள் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட சிலதைச் சொல்கிறோம், உங்களுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவரிடம் ஓடர் கொடுக்கும்போது முதலில் விலையைக் கேளுங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள், பாதியை முற்பணமாகக் கொடுங்கள். கட்டாது என்றால் சின்னக் கேக்காகக் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. 'டிஸ்கவுண்ட்' என்ற சொல்லை உறவுக்குள் கொண்டு வராதீர்கள்.

செய்கிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் மணித்தியாலங்களைக் கொப்பியில் எழுதுங்கள், மாவோடும் முட்டையோடும் சேர்த்து. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். சுகாதார விதிகளை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த நாட்டின் உணவுச் சட்டம், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம், வீட்டுக் குசினியிலிருந்து விற்கப்படும் கேக்கையும் உணவாகத்தான் பார்க்கிறது. நீங்களும் அதைத் தொழிலாகப் பாருங்கள்.

பெடியளுக்கு: கேக் வெட்டும்போது வீடியோ எடுப்பது உதவி இல்லை. சட்டி கழுவுவது உதவி. அதைவிட, பட்டரும் சீனியும் அடிக்கப் பழகுவது. உங்கள் அம்மாவின் ரிச் கேக் அவரோடு போய்விடக் கூடாது என்றால், 'ஒரு கை', 'கண்ணளவு' என்று அவர் சொல்வதைத் தராசில் வைத்து நிறுத்து எழுத ஒரு ஆள் வேண்டும். அது அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கடைசியாக, பலகாரச் சூட்டைத் திரும்பக் கொண்டு வருவோம். அதே வடிவில் வராது, தெரியும். மூன்று சிநேகிதர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குசினியில் கூடினால் அதுவே தொடக்கம். யாருடைய வீட்டில் செய்கிறோமோ அந்த வீட்டுக் கறண்ட் பில்லுக்கும் சேர்த்துக் காசு போடுங்கள். செய்ததில் ஒரு தட்டை, இதுவரை தட்டு போகாத ஒரு கதவுக்கு அனுப்புங்கள். முஸ்லிம் வீடு என்றால் பிராந்தி போடாத கேக்கை. ஒன்றும் தெரியாத வீடு என்றால் பேரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

நத்தார்க் கேக்குக்குப் பழம் வெட்டுகிற காலம் எப்படியும் வரும். பிளம்ஸ் ஒரு கிலோ, சுல்தானா ஒரு கிலோ, செரி, பேரீச்சம்பழம், தோசி வகைகள் எல்லாம் சேர்த்து நாலைந்து கிலோ, எல்லாம் பொடியாக. தனியாக வெட்டினால் இரண்டு இரவு. நாலு பேர் இருந்தால் ஒரு பின்னேரம், கதையோடு. கத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கும். எடுத்துக்கொண்டு போங்கள்.